மருந்து ஒன்று, வலி வேறு

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தசோகையும் கூடவே வரும். சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் சுரக்கிறது; அது படுத்துவிட்டால் ஹார்மோனும் வற்றிவிடுகிறது. 1980-களின் இறுதியில் இந்த ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரித்து ஊசிமருந்தாகக் கொண்டுவந்தார்கள். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டு காலம் தள்ளிய டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஒரு குறை இருந்தது. எப்போயட்டின் ஆல்ஃபா என்ற தயாரிப்பைத் தோலுக்கடியில் போட்டால் சுள்ளென்று எரிந்தது. கிட்டத்தட்ட அதே மூலக்கூறான எப்போயட்டின் பீட்டா போட்டுக்கொண்டவர்கள் அந்த அளவுக்குப் புகார் சொல்லவில்லை.

ஊசி என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர் குழு விட்டுவிடவில்லை. எரிவது மருந்தா, மருந்தோடு குப்பியில் கலந்திருக்கும் வேறு ஏதாவதா என்று தேடினார்கள். 1993-இல் ஒரு சிறுநீரக மருத்துவ இதழில் விடை வெளியானது. ஹார்மோன் மேல் குற்றமில்லை. கரைசலின் அமிலத்தன்மை மாறாமல் இருப்பதற்காகச் சேர்த்திருந்த சிட்ரேட்தான் எரித்தது.

பக்கங்கள் குறைவான அந்தக் கட்டுரை, நோயாளிகளின் முனகலை ஓர் அறிவியல் கேள்வியாக மதித்தது. ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே அளவு என்று எல்லாம் ஒன்றாக இருந்தும் தயாரிப்பு மாறினால் வலி மாறுகிறது என்றால், அந்த வலியில் ஒரு பகுதி நோயாளி அனுபவித்தே தீர வேண்டியதல்ல. யாரோ ஒருவர் ஆய்வகத்தில் எடுத்த முடிவின் விளைவு அது. வேறு முடிவும் எடுத்திருக்கலாம்.

ஊசிமருந்துக் குப்பியில் மருந்து மட்டும் இருப்பதில்லை. கெடாமல் காக்க ஒன்று, புரதம் கண்ணாடியில் ஒட்டாமலிருக்க ஒன்று, ரத்தத்தின் உப்புச் செறிவுக்குச் சமப்படுத்த ஒன்று, பி.எச். அளவை நிலைநிறுத்தத் தாங்கல் கரைசல் ஒன்று எனப் பல துணைப்பொருள்கள் இருக்கும். நம் திசுக்களின் பி.எச். சுமார் 7.4. பல மருந்துகள் அந்த நிலையில் நீண்டநாள் தங்காது. படிந்துவிடும் அல்லது சிதைந்துவிடும். அதனால் அவற்றை அமில நிலையில் வைக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் பலர் இரவில் போட்டுக்கொள்ளும் கிளார்ஜின் இன்சுலினின் பி.எச். சுமார் 4. தோலுக்கடியில் போனதும் அமிலம் நடுநிலையாகி மருந்து நுண்துகள்களாகப் படிய வேண்டும், பிறகு நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டும் என்றே அதை அப்படி வடிவமைத்தார்கள். அந்த அமிலத்தால் சிலருக்குச் சற்று எரிகிறது.

அமிலம் எரிவதற்குக் காரணம் நரம்பு நுனிகளில் இருக்கிறது. வலியை உணரும் நரம்புகளின் சவ்வில், அமிலம் பட்டதும் திறந்துகொள்ளும் அயனி வாயில்கள் உண்டு. அவற்றில் ஒரு வகை மிளகாயின் காரத்துக்கும் சுடுநீரின் வெப்பத்துக்கும் திறக்கும், டி.ஆர்.பி.வி.1 எனப்படும் இந்த வாயிலை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமில ஊசி எரிவதும் மிளகாய் பட்ட விரல் எரிவதும் ஓரளவு ஒரே வாயில் வழியாக நடப்பவை. பி.எச். எண் மட்டும் வலியை முடிவு செய்வதில்லை. தாங்கல் கரைசலின் செறிவும் முக்கியம். நீர்த்த அமிலத்தை உடல் நொடிகளில் நடுநிலையாக்கிவிடும். செறிவான தாங்கல் கரைசல் உடலோடு மல்லுக்கு நிற்கும், அது நிற்கும் நேரமெல்லாம் எரியும்.

மரத்துப்போவதற்காகப் போடும் ஊசியே வலிப்பது இதில் பெரிய கொடுமை. தையல் போடும் முன்பும் பல் பிடுங்கும் முன்பும் செலுத்தும் லிடோகெய்ன், அட்ரினலினோடு சேர்ந்து வரும்போது பி.எச். 4-ஐ ஒட்டியே இருக்கும். பத்துப் பங்கு லிடோகெய்னோடு ஒரு பங்கு சோடியம் பைகார்பனேட் கரைசலைக் கலந்தால் அமிலம் தணிகிறது. காக்ரேன் அமைப்பு 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, ஒரே நபருக்கு இரண்டு வகையையும் போட்டுப் பார்த்த சோதனைகளில், 10 மதிப்பெண் அளவையில் வலி ஏறத்தாழ 2 புள்ளி குறைந்தது. பைகார்பனேட் விலை மலிவு, எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பது. கலந்த மருந்தை நெடுநாள் வைத்திருக்க முடியாது, அட்ரினலின் சிதைந்துவிடும் என்பது உண்மைதான். அதனால் நிறுவனங்களால் கலந்து விற்க முடியாது. ஆனால் தையல் போடப்போகும் மருத்துவர் அந்த நிமிடத்தில் கலந்துகொள்ளலாம். அரை நிமிட வேலை அது. இன்னும் எல்லா இடத்திலும் அது வழக்கமாகாதது வருத்தமாக இருக்கிறது.

வலி குறைந்தது என்று எதை வைத்துச் சொல்வது? ரத்த அழுத்தம் போல இதை அளக்கக் கருவி கிடையாது. பரவலாகப் பயன்படுவது 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. இடது முனையில் ‘வலியே இல்லை’ என்றும் வலது முனையில் ‘இதைவிட மோசமான வலி இருக்க முடியாது’ என்றும் எழுதியிருக்கும். ஊசி போட்ட கையோடு நோயாளி பேனாவால் அந்தக் கோட்டில் ஒரு குறி இடுவார். செவிலியர் அளவுகோலை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் எழுதிக்கொள்வார். ஒருவர் 30-இல் குறியிடும் வலிக்கு இன்னொருவர் 70-இல் குறியிடலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இரண்டு தயாரிப்புகளை ஒப்பிட, இரண்டு கூட்டத்தாரை ஒப்பிடுவதைவிட, ஒரே ஆளுக்கு முதலில் ஒன்றையும் பிறகு மற்றொன்றையும் போட்டுப் பார்ப்பது நல்லது. யாருக்கு எது முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். முதல் ஊசியின் பயம் இரண்டாவதில் குறைந்துவிடும் அல்லது கூடிவிடும். அந்தச் சாய்வைக் கழிக்கத்தான் குலுக்கல். அப்படியும், ஓரிரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பெரிதுபடுத்தக் கூடாது. அவசரச் சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் 1990-களில் நடந்த ஆய்வில், ‘வலி கொஞ்சம் மாறியிருக்கிறது’ என்று அவர்களே உணர்ந்து சொல்வதற்குச் சுமார் 13 மில்லிமீட்டர் வேறுபாடு தேவைப்பட்டது.

முடக்குவாதத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் அடாலிமுமாப், பெரும்பாலோருக்கு ஹ்யூமிரா என்ற பெயரில் தெரிந்த மருந்து, இந்த அளவையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. அதன் முதல் தயாரிப்பில் 40 மில்லிகிராம் மருந்து 0.8 மில்லிலிட்டர் கரைசலில் இருந்தது, சிட்ரேட்டோடு. புதிய தயாரிப்பில் அதே 40 மில்லிகிராம் 0.4 மில்லிலிட்டரில் அடங்கியது, சிட்ரேட் கிடையாது. நோயாளிகளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டபோது, ஊசி போட்ட உடனே உணர்ந்த வலி 10-க்குச் சராசரியாக இரண்டரைப் புள்ளி அளவுக்குக் குறைந்தது. வீட்டில் தன் தொடையில் தானே குத்திக்கொள்ள வேண்டியவருக்கு அது பெரிய வித்தியாசம்.

ஆனால் எது அந்த வலியைக் குறைத்தது? சிட்ரேட் நீங்கியது, கரைசலின் அளவு பாதியானது, ஊசியும் 27 கேஜிலிருந்து மெலிதான 29 கேஜுக்கு மாறியது. எல்லாம் ஒரே நேரத்தில் மாறியதால், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளிக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்த மருந்தை வடிவமைக்கும் வேதியியலாளருக்கு உண்டு. இந்தப் புதிய தயாரிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2015 நவம்பரில். அந்நாட்டு நோயாளிகளின் கைக்கு வந்தது 2018-இல். இடைப்பட்ட காலத்தில் பழைய ஊசியைப் போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் தவிர்த்திருக்கக்கூடிய எரிச்சலைச் சுமந்தார்கள்.

பிறகு அடாலிமுமாபின் நகல் மருந்துகள் பல நாடுகளில் வந்தன. இந்தியாவில் 2014-லேயே ஒன்று வந்துவிட்டது. சில நகல்களில் சிட்ரேட் உண்டு, சிலவற்றில் இல்லை. நோயாளிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது வலிக் கணக்கில் இன்னொரு சிக்கல் புகுந்துகொள்கிறது. ‘விலை குறைந்த மருந்துக்கு மாற்றுகிறோம்’ என்று சொல்லிப் போட்டால், அந்தச் சொல்லே சிலருக்கு வலியைக் கூட்டிவிடும். அது பொய் வலியல்ல. எதிர்பார்ப்பு மூளையில் வலியின் அளவை நிஜமாகவே மாற்றுகிறது. நோயாளிக்கும் ஊசி போடுபவருக்கும் எந்த மருந்து என்று தெரியாமல் நடத்தும் சோதனைதான் இதைப் பிரித்துக் காட்டும்.

வலிக்கிறது என்று தெரிந்தபின் துணைப்பொருளை மாற்றிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். அதில் எவ்வளவு ஆபத்து இருக்கலாம் என்பதற்கும் எரித்ரோபொய்ட்டினே சாட்சி. 1998-இல் ஐரோப்பாவில் எப்போயட்டின் ஆல்ஃபாவின் ஒரு தயாரிப்பிலிருந்து மனித அல்புமினை நீக்கிவிட்டு பாலிசார்பேட் 80 என்ற பொருளைச் சேர்த்தார்கள். வலிக்காகச் செய்த மாற்றமல்ல அது. மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் பொருள் வழியாக நோய் பரவுமோ என்ற அச்சத்தால் செய்தது. சில ஆண்டுகளில் ஒரு விபரீதம் தலைகாட்டியது. மருந்து போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு மஜ்ஜை சிவப்பணு உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஊசியில் போன ஹார்மோனை எதிர்த்து உருவான எதிர்ப்பான்கள், உடலில் மிச்சமிருந்த சொந்த ஹார்மோனையும் சேர்த்து அழித்திருந்தன. நிக்கோல் காஸாடவால் தலைமையிலான பிரெஞ்சுக் குழு இப்படிப்பட்ட 13 நோயாளிகளை 2002-இல் விவரித்தது. குப்பியின் ரப்பர் மூடியிலிருந்து வேதிப்பொருள் கசியப் புதிய சேர்மானம் வழிவிட்டதா, புரதம் திரண்டதா என்று பல விளக்கங்கள் உள்ளன. சிறுநீரக நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் போடுவதை நிறுத்தி, மூடியையும் மாற்றிய பிறகு புதிய நோயாளிகள் மளமளவென்று குறைந்தார்கள்.

மயக்க மருந்தான புரோப்போஃபால் கதையும் ஏறக்குறைய இதே தடத்தில் போகிறது. முதலில் அதைக் கரைக்கப் பயன்படுத்திய எண்ணெய்ப் பொருளால் ஒவ்வாமை வந்ததால், சோயா எண்ணெயில் பால் போன்ற குழம்பாக்கி 1986-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். புறங்கைச் சிரையில் அதை ஏற்றும்போது கடுகடுவென்று கை முழுக்க வலிக்கும். மயங்கப்போகிறவரிடம் கோடு போடச் சொல்ல முடியாது. அதனால் மயக்கவியலாளர்கள் நான்கு படி அளவை ஒன்றைக் கையாளுகிறார்கள். வலி இல்லையென்றால் 0. கேட்டால் மட்டும் ‘வலிக்கிறது’ என்றால் 1. கேட்காமலே சொன்னால் 2. முகம் சுளித்து, கையை இழுத்து, கண்ணீர் விட்டால் 3. சில நொடிகளில் நோயாளி உறங்கிவிடுவார். அதற்குள் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வலிக்காக 25,260 பேரிடம் நடந்த 177 சோதனைகளை 2011-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் தொகுத்திருந்தார்கள். எதுவும் செய்யாவிட்டால் பத்துப் பேரில் ஏழு பேருக்கு வலிக்கிறது. புறங்கையை விட்டு முழங்கை மடிப்பிலுள்ள பெரிய சிரையைத் தேர்ந்தெடுத்தாலே வலி வெகுவாகக் குறைகிறது. உடலுக்குள் போன பிறகே புரோப்போஃபாலாக மாறும் ஒரு முன்மருந்தையும் உருவாக்கினார்கள். அது கையில் வலிக்கவில்லை. பலருக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் அரிப்பையும் எரிச்சலையும் கொடுத்தது.

சில நொடி வலிக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா என்று கேட்பவர்கள், பென்சத்தீன் பென்சிலின் போட்டுக்கொள்ளும் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைத் தொடர்ந்து சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது; அது இதய வால்வுகளைக் கெடுக்கிறது. உலகில் 4 கோடிக்கும் அதிகமானோருக்கு இந்த வால்வு நோய் இருக்கிறது. பெரும்பாலோர் இந்தியா போன்ற நாடுகளின் ஏழைகள். தொற்று திரும்ப வராமல் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை இந்த ஊசி போட வேண்டும், அதுவும் பத்தாண்டுகளுக்குக் குறையாமல். வால்வு மோசமாகக் கெட்டிருந்தால் 40 வயது வரைகூட. உகாண்டாவில் 818 சிறுவர் சிறுமியரிடம் நடந்த சோதனையில், ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதத்தினருக்கே நோய் முற்றியது; போடாதவர்களில் 8.2 சதவீதம். மருந்து அவ்வளவு நல்ல மருந்து.

ஆனால் அது கொடூரமாக வலிக்கும். நம் ஊரில் இது தூளாக வரும். சிறு குப்பியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் சுண்ணாம்புப் பால் போன்ற கலவையாகும். உள்ளிருக்கும் துகள்கள் மெலிதான ஊசியை அடைத்துவிடுமாதலால் தடித்த ஊசிதான் போட வேண்டும். பிட்டத்தில் ஆழமாகக் குத்தி மெல்ல மெல்லச் செலுத்துவார்கள்; அவசரப்பட்டால் வலி கூடும், தாமதித்தால் கலவை உறைந்து ஊசி அடைத்துக்கொள்ளும், மறுபடி குத்த வேண்டிவரும். மறுநாள் பள்ளி பெஞ்சில் உட்கார முடியாது. பதின்ம வயதில் ஒரு பிள்ளை அடுத்த ஊசிக்கு வர மறுத்தால் அது சோம்பல் அல்ல. தவறும் ஒவ்வோர் ஊசியும் வால்வுக்கு ஆபத்து.

1998-இல் வெளியான ஓர் ஆய்வில், கலக்கும் தண்ணீருக்குப் பதிலாக ஒரு சதவீத லிடோகெய்ன் கரைசலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது. ரத்தத்தில் பென்சிலினின் அளவு குறையவில்லை. பின்னாளில் நியூசிலாந்தில், மாவோரி, பசிபிக் தீவுக் குடும்பங்கள் மிகுந்த தெற்கு ஆக்லாந்துப் பகுதியில், லிடோகெய்னோடு, குத்தும் இடத்துக்கு மேலே வைத்து அதிரச் செய்யும் சிறு கருவியையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். பிள்ளைகளின் வலியும் குறைந்தது, பயமும் குறைந்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் வெளியிட்ட அறிவுரை இன்னொரு பக்கத்தையும் காட்டியது. கடுமையான வால்வு நோய் உள்ளவர்கள் இந்த ஊசிக்குப் பிறகு இறந்துபோன சில நிகழ்வுகளில், பென்சிலின் ஒவ்வாமையைவிட, வலியாலும் பயத்தாலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று விழுந்ததே காரணமாக இருக்கலாம் என்றது. பலவீனமான இதயத்துக்கு அந்த வீழ்ச்சியைத் தாங்கும் திராணி இல்லை. வலியைக் குறைப்பது அங்கே உயிர்காக்கும் வேலை. பெருமளவு மருந்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் மெல்ல ஏற்றிவிடும் முறையையும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதித்து வருகிறார்கள்.

இத்தனையையும் பார்த்தபின், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் இளம் பெற்றோர் தினமும் எதிர்கொள்ளும் கேள்விக்கு வரலாம்: ‘வலியில்லா ஊசி போடலாமா, சாதாரண ஊசி போடலாமா?’ கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகியவற்றுக்கான தடுப்பூசியைப் பற்றிய கேள்வி இது. அரசு ஐந்து நோய்களுக்குச் சேர்த்து இலவசமாகப் போடும் பென்டாவேலன்ட் ஊசி, இந்தியாவில் முதன்முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. அதில் இருப்பது செயலிழக்கச் செய்த முழுக் கக்குவான் பாக்டீரியா. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் போடும் ‘வலியில்லா’ ஊசியில் இருப்பது அந்த பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த சில புரதங்கள் மட்டுமே.

ஊசி குத்தும் நொடியின் வலியை இந்தப் பெயர் குறிக்கவில்லை. இரண்டு ஊசிக்கும் பிள்ளை வீறிட்டுத்தான் அழும். வேறுபாடு அதன்பின் வரும் ஓரிரு நாளில். முழு பாக்டீரியா ஊசி போட்ட தொடை வீங்கிச் சிவக்கும், காய்ச்சல் அடிக்கும், பிள்ளை இரவெல்லாம் சிணுங்கும். புரத ஊசியில் இவை குறைவு. ஒப்பீட்டில் எந்த நேரத்து வலியைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் இப்படித்தான் ஒரு பெயர் மக்களைக் குழப்பும்.

அந்த நிம்மதிக்கு ஒரு விலையும் இருக்கிறது. ஜப்பானில் 1970-களின் நடுவில் பழைய ஊசிமேல் வந்த பயத்தால் தடுப்பூசி போடுவோர் குறைந்து, 1979-இல் 13,000 பேருக்குக் கக்குவான் வந்து 41 பேர் இறந்தார்கள். அந்த நெருக்கடியில்தான் புரத ஊசி பிறந்தது. 1981-இல் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்கா 1997-இல் முழுவதும் அதற்கு மாறியது. பிறகு 2010-இல் கலிஃபோர்னியாவில் 9,000-க்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் வந்தது, 10 கைக்குழந்தைகள் இறந்தன. புரத ஊசியின் ஐந்தாம் தவணைக்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் கக்குவான் வரும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம் கூடுவதாக 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. முழு பாக்டீரியா ஊசியின் பாதுகாப்பு அதைவிட நீடிக்கிறது. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-இல் முதல் மூன்று தவணைக்கு முழு பாக்டீரியா ஊசியையே பரிந்துரைத்தது. உலகச் சுகாதார நிறுவனமும் அதைப் பயன்படுத்தும் நாடுகள் அதையே தொடரட்டும் என்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைக்கு இலவச ஊசி போட்டுவிட்டு, வசதி இல்லாததால் மட்டமான மருந்து போட்டுவிட்டோமோ என்று ஒரு தாய் குமைய வேண்டியதில்லை. இரண்டு நாள் காய்ச்சலுக்குக் கைமருந்து உண்டு, கக்குவானுக்கு அப்படியில்லை.

குத்தும் நொடியின் வலியைக் குறைக்கவோ பணமே வேண்டாம். கனடாவில் 120 கைக்குழந்தைகளிடம் நடந்த, 2009-இல் வெளியான சோதனையில், ஒரே நாளில் போட வேண்டிய இரண்டு தடுப்பூசிகளின் வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். அதிகம் வலிக்கும் நிமோகாக்கஸ் ஊசியைக் கடைசியில் போட்டபோது, இரண்டுக்கும் சேர்த்து வலி குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டலும் அதையே சொல்கிறது: அதிகம் வலிப்பது கடைசியில், குத்தியபின் ரத்தம் வருகிறதா என்று பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கத் தேவையில்லை, குழந்தையைப் படுக்க வைக்காமல் மடியில் அணைத்துக்கொள்ளலாம், தாய் பால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆறாவது வாரத்தில் ஊசிகளோடு வரும் ரோட்டா வைரஸ் சொட்டுமருந்து இனிப்பானது; அதை முதலில் வாயில் விட்டுவிட்டு ஊசிகளைப் பிறகு போடலாம்.